ஹவாய் பெட்ரல்: கடலில் மேய்ந்து மலையில் குஞ்சு பொரிக்கும் பறவை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காட்டுக்குப் பறவை பார்க்க வரும் கல்லூரி மாணவர்களும் சேலத்துப் பள்ளி ஆசிரியர்களும் கடற்பறவைகளைப் பற்றி என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கடற்பறவைகள் எத்தனையோ இருக்க, பசிபிக் பெருங்கடலின் ஹவாய் பெட்ரலை மட்டும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நடுக்கடலில் இரை தேடும் இந்தப் பறவை, முட்டையிட மட்டும் சேர்வராயன் மலையைப் போல் இரு மடங்கு உயரமான எரிமலைச் சரிவுகளுக்கு ஏறி வருகிறது. அதன் இனப் பிரிவையும் சரி, பரவலையும் சரி, மலையை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ளவே முடியாது. மலையில் வாழ்கிறவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும் என்று நம்புகிறேன்.

பறவை எப்படி இருக்கும்?

உடல் நீளம் சுமார் 40 செ.மீ. சிறகை விரித்தால் 90 செ.மீ.க்கு மேல். எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. முதுகும் தலையின் மேற்புறமும் கருஞ்சாம்பல், நெற்றியும் வயிறும் தூய வெள்ளை. சிறகின் அடிப்புறம் வெள்ளையாக இருக்கும். அதன் ஓரங்களில் கருமை படர்ந்திருக்கும். அலகு கறுப்பு, நுனி கொக்கிபோல் வளைந்தது.

அந்த அலகைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். அதன் மேல்புறத்தில், நெற்றியை ஒட்டி, இரண்டு சிறிய குழாய்கள் ஒட்டினாற்போல் இருக்கும். அவைதான் மூக்குத் துளைகள். கடல்நீரோடும் இரையோடும் உள்ளே போகும் உப்பை, கண்ணுக்கு மேலே உள்ள சுரப்பி ஒன்று இரத்தத்திலிருந்து பிரித்து, அடர்ந்த உப்புநீராக மூக்கு வழியே வெளியேற்றிவிடும். இந்த வகைப் பறவைகளுக்கு மோப்ப சக்தியும் மிகுதி.

எந்த வரிசை, எந்தக் குடும்பம்?

அந்த மூக்குக் குழாய்தான் வரிசையின் அடையாளம். குழாய் மூக்குப் பறவைகள் அனைத்தும் புரோசெல்லாரிஃபார்மிஸ் என்ற ஒரே வரிசையில் அடங்கும். மூன்று மீட்டருக்கு மேல் சிறகு விரிக்கும் பெரிய ஆல்பட்ரோஸ்களும், குருவியைவிடச் சற்றே பெரிய புயல் பெட்ரல்களும் அதில்தான் இருக்கின்றன. அளவைப் பார்த்து உறவைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்த வரிசைக்குள் ஹவாய் பெட்ரல், ஷியர்வாட்டர்கள் என்ற கடற்பறவைகளும் சேர்ந்த புரோசெல்லாரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. பேரினம் டெரோட்ரோமா, முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெரிய பேரினம். காற்றைப் பிடித்து மேலேறி, வில்லாக வளைந்து இறங்கி, மீண்டும் மேலேறும் பறத்தல் இவற்றுக்குப் பொதுவானது. இனத்தின் முழுப் பெயர் டெரோட்ரோமா சாண்ட்விசென்சிஸ். ஹவாய்த் தீவுகளுக்குக் கேப்டன் குக் 1778இல் சூட்டிய ‘சாண்ட்விச் தீவுகள்’ என்ற பெயர் அதில் தங்கிவிட்டது. ஹவாய் மக்கள் இதை ‘உஆஉ’ என்கிறார்கள். இரவில் அது எழுப்பும் குரலும் ஏறக்குறைய அப்படித்தான் ஒலிக்கும்.

மேட்டூர் அணையிலும் சேலத்து ஏரிகளிலும் பறக்கும் ஆலாக்கள் இதற்கு உறவா?

இல்லை. ஆற்று ஆலாவும், குளிர்காலத்தில் வரும் மீசை ஆலாவும் உப்புக்கொத்திகள், உள்ளான்கள் அடங்கிய வேறொரு வரிசையைச் சேர்ந்தவை. நீண்ட சிறகும் நீர்மேல் பறக்கும் பழக்கமும் இரு பக்கமும் தனித்தனியாக உருவானவை. பெட்ரல்களுக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவினர் பெங்குவின்கள்.

அறிவியல் பெயர் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவது ஏன்?

பழைய கையேடுகளில் இந்தப் பறவையைத் தேடினால் டெரோட்ரோமா ஃபியோபீஜியா என்ற பெயரில்தான் கிடைக்கும். இந்தக் குழப்பம் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது.

தென்னமெரிக்காவுக்கு மேற்கே பசிபிக்கில் உள்ள கலாபகஸ் தீவுகளிலிருந்து கிடைத்த கரும்முதுகுப் பெட்ரலுக்கு 1876இல் ஆஸ்பர்ட் சால்வின் என்ற ஆங்கிலேயர் ஃபியோபீஜியா என்று பெயர் வைத்தார். ஹவாயிலிருந்து கிடைத்த மாதிரிக்கு 1884இல் அமெரிக்கரான ராபர்ட் ரிட்ஜ்வே சாண்ட்விசென்சிஸ் என்று பெயர் வைத்தார். ஆக, தொடக்கத்திலேயே இரண்டும் தனித்தனிதான். ஆனால் அருங்காட்சியக மேசையில் இரண்டின் தோல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்குப் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. ஆகவே பின்னாளில் இரண்டையும் ஒரே இனத்தின் இரண்டு துணையினங்களாகச் சேர்த்துவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அப்படியே போயிற்று.

தோலைப் பார்த்தவர்கள் விட்டதை, இரவில் மலைச்சரிவில் உட்கார்ந்து குரலைக் கேட்டவர்கள் பிடித்தார்கள். இரண்டு தீவுக்கூட்டங்களிலும் குரல் வேறு. அளவுகளிலும் வேறுபாடு இருந்தது. மரபணு ஆய்வுகளும் அதையே காட்டின. 2002இல் அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் தன் பட்டியலில் இவற்றை மீண்டும் இரண்டு இனங்களாகப் பிரித்தது. ஹவாய்ப் பறவைக்கு ரிட்ஜ்வே கொடுத்த பெயர் திரும்பக் கிடைத்தது. எனவே 2002க்கு முந்தைய புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள், அதில் உள்ள பரவல் வரைபடம் இரண்டு இனங்களுக்கும் சேர்த்துப் போட்டது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டை எப்படித் தனி இனம் என்கிறார்கள்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. நடுக்கடலில் கப்பலிலிருந்து பார்க்கும் தேர்ந்த நிபுணர்கூட இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் திணறுவார்.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கும் பறவைக்குக் கடலில் வேலி கிடையாது. ஹவாய்ப் பறவையும் கலாபகஸ் பறவையும் நடுக்கடலில் சந்தித்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. ஆனால் பெட்ரல்கள் கடலில் இணை சேர்ந்து குடும்பம் நடத்துவதில்லை. தான் பொரிந்த மலைக்கே திரும்பி வந்து, அங்கே வளை தோண்டி, அங்கே துணை தேடும் பழக்கம் இவற்றுக்கு மிக உறுதியானது. இப்படித் தலைமுறை தலைமுறையாக நடக்கும்போது மலைக்கு மலை இரத்தம் கலப்பது குறைகிறது. 2011இல் வெளியான மரபணு ஆய்வு, இரண்டு இனங்களும் பிரிந்து சுமார் ஐந்தரை லட்சம் ஆண்டுகள் ஆகின்றன என்று கணித்தது. பரிணாமக் கணக்கில் இது அண்மைக்காலம். தோற்றம் மாற அவகாசம் போதவில்லை, குரலும் மரபணுவும் மாறிவிட்டன.

ஹவாய்க்குள்ளேயே இதன் சிறிய வடிவத்தைக் காணலாம். மௌவி, லானாய், மோலோகாய், கவாய், பெரிய தீவான ஹவாய் ஆகியவற்றின் பறவைகளை ஒப்பிட்டபோது, தீவுக்குத் தீவு மரபணு வேறுபாடு இருப்பது தெரியவந்தது. ஒரு தீவிலிருந்து அடுத்த தீவு இவற்றுக்குச் சில மணி நேரப் பறப்புதான். அப்படியிருந்தும் பெரும்பாலானவை பக்கத்துத் தீவின் மலையை நாடுவதில்லை. இவற்றைத் தனி இனங்கள் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு மலையின் கூட்டம் அழிந்தால் அடுத்த மலையிலிருந்து பறவைகள் தானாக வந்து நிரப்பிவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்த ஆய்வு இடம் வைக்கவில்லை. வகைப்பாடு என்பது பெயர்ப்பட்டியல் வேலை என்று நினைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எங்கெங்கே கூடு கட்டுகிறது?

உலகத்தில் ஹவாய்த் தீவுக்கூட்டத்தைத் தவிர வேறெங்கும் இல்லை.

நன்கு அறியப்பட்ட பெரிய குடியிருப்பு மௌவித் தீவின் ஹலேயாகலா எரிமலையில் உள்ளது. மலையின் உச்சி 3,055 மீட்டர். பறவைகளின் வளைகள் பெரும்பாலும் 2,400 மீட்டருக்கு மேலே. சேர்வராயன் கோயில் இருக்கும் நம் உச்சி சுமார் 1,600 மீட்டர்தான் என்பதை வைத்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே காப்பித் தோட்டமும் சில்வர் ஓக்கும் இல்லை. எரிமலைச் சாம்பலும் உடைந்த பாறையும் குளிர்காற்றும்தான். பாறைகளின் அடியில் பெட்ரல் தோண்டும் வளை ஒன்றிரண்டு மீட்டர் நீளம் போகும், சில இடங்களில் அதற்கும் மேல். உள்ளே கடைசியில் ஒரே ஒரு முட்டை.

லானாய்த் தீவு இதற்கு நேர் எதிர். லானாய்ஹாலே மலை ஆயிரம் மீட்டரை ஒட்டியதுதான், எப்போதும் மூடுபனி. அங்கே பறவைகள் அடர்ந்த பெரணிப் புதர்களின் வேர்களுக்கடியில் வளை தோண்டுகின்றன. அந்தப் பெரணி இனம் தென்னிந்திய மலைச்சாலைகளின் ஓரத்து மண்சரிவுகளிலும் படர்ந்து கிடப்பதுதான். தாவரவியல் மாணவர்கள் டைக்ரனாப்டெரிஸ் லீனியாரிஸ் என்றால் கண்டுகொள்வார்கள். கவாய்த் தீவின் செங்குத்தான பள்ளத்தாக்குகளிலும், பெரிய தீவில் மௌனா லோவாவின் உயர்சரிவுகளிலும் குடியிருப்புகள் உண்டு.

கடற்பறவை ஏன் இத்தனை உயரம் ஏற வேண்டும்?

முன்பு இத்தனை உயரம் ஏற வேண்டிய தேவை இருக்கவில்லை. தாழ்நிலங்களிலும், இன்று ஹொனலுலு நகரம் இருக்கும் ஒவாஹூத் தீவிலும் இதன் பழைய எலும்புகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஒருகாலத்தில் கடற்கரைக்கு அருகிலிருந்து மலை உச்சிவரை இந்தப் பறவை பரவியிருந்தது. கொழுத்த குஞ்சுகளை மக்கள் உணவாகக் கொண்டார்கள். முதலில் குடியேறிய பாலினேசியர்களோடு எலியும், பின்னர் ஐரோப்பியர்களோடு பூனையும் வேறு எலிகளும் வந்தன.

கீரியின் கதை நம்மோடு தொடர்புடையது. கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்கக் கல்கத்தாவிலிருந்து 1872இல் ஜமைக்காவுக்குச் சிறிய இந்தியக் கீரிகளைக் கொண்டுபோனார்கள். அவற்றின் வாரிசுகளை 1883இல் ஹவாய்க்குக் கொண்டுவந்தார்கள். எலி குறைந்ததோ இல்லையோ, தரையில் கூடு கட்டும் பறவைகளுக்குக் கீரி பெரும் எதிரியாயிற்று. வளைக்குள் இருக்கும் குஞ்சும் தாயும் அதற்குச் சுலபமான இரை.

எனவே ‘இது உயர்மலைப் பறவை’ என்று வரைபடத்தை மட்டும் பார்த்துச் சொன்னால் பாதி உண்மைதான். எதிரிகள் ஏறி வரத் தயங்கும் உயரத்தில் எஞ்சி நிற்கிறது என்பதே பொருத்தம்.

கடலில் எதுவரை போகும்?

வட பசிபிக்கின் பெரும்பகுதி இதன் மேய்ச்சல் நிலம். செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, குஞ்சுக்கு இரை தேடிப் போன பறவைகள் வடக்கே அலூஷியன் தீவுகள், அலாஸ்கா வளைகுடாப் பக்கம்வரை சென்று, கடிகாரச் சுற்றில் வளைந்து திரும்பியது தெரிந்தது. ஒரே பயணத்தில் 10,000 கி.மீ.க்கு மேல் பறந்தவையும் உண்டு. நீண்ட சுற்று ஏன் என்றால், நேராகப் போவதைவிடக் காற்றின் போக்கில் போவதற்குச் செலவாகும் சக்தி குறைவு. கோடையில் கலிஃபோர்னியாவுக்கு அப்பால் ஆழ்கடலிலும் இவற்றைக் காணலாம்.

கணவாய், சிறுமீன், இறால் வகைகள் உணவு. இரையிலிருந்து எடுத்த எண்ணெயை வயிற்றில் சேமித்துக்கொண்டு வந்து குஞ்சுக்கு ஊட்டும்.

எந்த மாதத்தில் என்ன செய்கிறது?

ஹலேயாகலாவில் பிப்ரவரி இறுதியில் பறவைகள் வரும். வளையைச் சீர்செய்துவிட்டு மறுபடி கடலுக்குப் போகும். ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் முட்டை. தாயும் தந்தையும் மாறி மாறி ஐம்பது நாளுக்கு மேல் அடைகாக்கும். அக்டோபர், நவம்பரில் குஞ்சு தனியாகவே கடலுக்குப் புறப்படும். முதன்முறை முட்டையிட ஐந்தாறு வயதாகும். முப்பது வயதைத் தாண்டியும் வாழக்கூடியது.

பழைய எலும்புகளிலிருந்து வேறு என்ன தெரிகிறது?

என்னை மிகவும் ஈர்த்த ஆய்வு இது. இறந்த பறவையின் எலும்பில் உள்ள நைட்ரஜனின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதம், அது உணவுச் சங்கிலியின் எந்தப் படியில் உண்டது என்பதைக் காட்டும். பெரிய இரையை உண்டால் விகிதம் கூடும். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கால இடைவெளியைச் சேர்ந்த ஹவாய் பெட்ரல் எலும்புகளையும் இன்றைய பறவைகளின் இறகுகளையும் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டார்கள். பல நூற்றாண்டுகள் அசையாமல் இருந்த விகிதம், கடந்த நூறாண்டு அளவில் இறங்கியிருந்தது. தொழில்முறை மீன்பிடிப்பு பெருகியபின் இந்தப் பறவைகள் சங்கிலியின் கீழ்ப்படிக்கு இறங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நடுக்கடலின் வரலாற்றை எழுதிவைத்தவர் யாரும் இல்லை. மலைக்குகையில் கிடந்த எலும்பு அதைச் சேமித்து வைத்திருந்தது.

விளக்கு வெளிச்சம் ஆபத்து என்கிறார்களே, அது எப்படி?

ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் இரவு ஏழரை மணிக்கு நின்று பாருங்கள். கீழே சேலம் நகரம் முழுவதும் ஒளிக்கம்பளமாக விரிந்து கிடக்கும். சுற்றுலா வருபவர்கள் ரசிக்கும் அதே காட்சியை, இதேபோன்ற சரிவிலிருந்து முதன்முறை வெளியே வரும் இளம் பெட்ரலும் பார்க்கிறது. அது கடலைக் கண்டதில்லை. வழிகாட்டத் தாயும் இல்லை. திறந்த கடலின்மேல் தெரியும் நிலவொளியும் விண்மீன் ஒளியும்தான் இத்தனை காலமும் இவற்றுக்கு வழிகாட்டியிருக்க வேண்டும். இப்போது அதைவிடப் பிரகாசமாக ஊர் தெரிகிறது. விளக்குக் கம்பங்களைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, களைத்துத் தெருவில் விழுகிறது. கால்கள் உடலின் பின்பக்கம் அமைந்திருப்பதால் சமதரையிலிருந்து எழும்புவது கடினம். பிறகு வாகனமோ பூனையோ முடித்துவிடும். நிலவில்லாத இரவுகளில் இது அதிகம்.

கவாய்த் தீவில் 1979 முதல், விழுந்த பறவைகளை மக்கள் எடுத்துவந்து தீயணைப்பு நிலையங்களில் உள்ள பெட்டிகளில் வைக்கிறார்கள். பெரும்பாலும் நியூவெல் ஷியர்வாட்டர்கள், இடையிடையே ஹவாய் பெட்ரல்கள். 2010இல் அங்கே உயர்நிலைப் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகளை வெள்ளிக்கிழமை இரவிலிருந்து சனிக்கிழமைப் பகலுக்கு மாற்றினார்கள். மைதானத்து விளக்குகள்தான் காரணம். ஊருக்கே பிடித்த ஒரு வழக்கத்தை மாற்றுவது சிறிய காரியமல்ல, முணுமுணுப்பும் இருந்தது. ஆனாலும் செய்தார்கள். இந்த முடிவை எடுத்தவர்கள்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

மின்கம்பிகள் இன்னொரு ஆபத்து. இருட்டில் வேகமாக வரும் பறவை கம்பியில் மோதி விழுகிறது.

இப்போதைய நிலை என்ன?

பன்னாட்டுச் செம்பட்டியலில் ‘அழியும் நிலையில்’ உள்ள இனம். அமெரிக்காவில் 1967 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. கவாய்த் தீவில் ராடார் கொண்டு கணக்கெடுத்ததில் 1993க்கும் 2013க்கும் இடையில் 78 விழுக்காடு குறைந்திருந்தது. கலாபகஸ் பெட்ரலின் நிலை இன்னும் மோசம். அது ‘மிக அருகிய’ பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் வைத்திருந்தால் இந்த வேறுபாட்டை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

காப்பாற்ற என்ன செய்கிறார்கள்?

மௌனா லோவாவில் சுமார் எட்டு கி.மீ. நீளத்துக்குப் பூனை ஏற முடியாத வேலி 2016இல் முடிந்தது. கவாயில் செய்தது இன்னும் துணிச்சலானது. கிலாவேயா முனையில் எதிரிகள் புகாத வேலி போட்டு, 2015 நவம்பரில் மலையிலிருந்து பத்துக் குஞ்சுகளை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து செயற்கை வளைகளில் வைத்தார்கள். மீனையும் கணவாயையும் அரைத்துக் குழாயால் ஊட்டினார்கள். பறக்கும் முன் இரவுகளில் வளைக்கு வெளியே வந்து வானத்தையும் இடத்தையும் பார்த்துப் பதித்துக்கொள்வது இந்தக் குஞ்சுகளின் இயல்பு. அந்தப் பருவத்துக்கு முன்பே இடம் மாற்றினால், திரும்பி வரவேண்டிய ‘பிறந்த மலை’யாக அவை புதிய இடத்தையே கொள்ளும். இனத்தைப் பிரித்துவைத்த அதே பழக்கத்தை இங்கே பறவைக்குச் சாதகமாகத் திருப்பியிருக்கிறார்கள்.

நமக்கு அருகில் இதேபோன்ற பறவை உண்டா?

இந்தியப் பெருங்கடலில் உண்டு. தமிழ் வம்சாவளியினர் பெருந்தொகையாக வாழும் ரீயூனியன் தீவில், 2,000 மீட்டருக்கு மேலே உள்ள சரிவுகளில் பராவ் பெட்ரல் கூடு கட்டுகிறது. அதே டெரோட்ரோமா பேரினம்தான். அறிவியல் அதற்குப் பெயரிட்டதே 1964இல். அங்கும் இளம் பறவைகள் விளக்குகளால் விழுகின்றன. அவை புறப்படும் பருவத்தில் இரவு விளக்குகளை அணைக்க ஊர்கள் முன்வருகின்றன. சேர்வராயன் மலையில் கடற்பறவை எதுவும் கூடு கட்டுவதில்லை. கடல் இங்கிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில்.

புயலுக்குப் பிறகு சேலத்தில் அறிமுகமில்லாத கடற்பறவை விழுந்து கிடந்தால்?

வங்கக் கடலில் புயல் வீசும்போது கடற்பறவைகள் உள்நாட்டுக்கு அடித்துவரப்படுவது உண்டு. கண்டால் துணியைப் போர்த்தி மெதுவாக எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடுங்கள். அலகு கூர்மையானது, முகத்தருகே கொண்டுபோக வேண்டாம். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், சோறோ ரொட்டியோ கொடுக்காதீர்கள். ஏரியில் விடுவதும் தவறு. களைத்த பறவையின் இறகு நனைந்தால் மூழ்கிவிடும். உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பெட்டியை மூடும் முன் மூன்று படங்கள் எடுத்தால் போதும்: மூக்குக் குழாய் தெரியும்படி பக்கவாட்டில் அலகு, விரித்த சிறகின் அடிப்புறம், கால்கள். தேதியையும் இடத்தையும் எழுதி, மாவட்டத்தில் பறவைக் கணக்கெடுப்பு செய்பவர்களுக்கு அனுப்புங்கள்.